அரைமண்டியில் அளவெடுங்கள்: பரதநாட்டிய உடை தைப்பதும் உடுத்துவதும்

அரங்கேற்ற உடை மேடையில் கிழிவது பெரும்பாலும் பட்டின் குற்றமல்ல, அளவெடுத்த விதத்தின் குற்றம். பிள்ளையை நிற்க வைத்து அளவெடுத்தால், அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், உட்கார்ந்ததும் பைஜாமா கணுக்காலிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலேறிவிடும். முழுவதும் குந்தி உட்காரும் முழுமண்டியில் கவட்டுத் தையல் விட்டுப்போகும்.

அதனால் கால் நீளத்தை அரைமண்டியில் வைத்தே எடுக்க வேண்டும்: இடுப்பில் தொடங்கி, மடிந்த முழங்காலின் வெளிப்பக்கமாகக் கணுக்கால் வரை. முன்னிடுப்பிலிருந்து கவட்டு வழியாகப் பின்னிடுப்பு வரையுள்ள அளவை முழுமண்டியில் எடுத்து, இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்கு ரவிக்கையின் இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொன்னால் அடுத்த சில வருடம் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

ரவிக்கைத் துணியோடு வரும் ஒரு பட்டுச் சேலை போதும். கரை நான்கைந்து அங்குலமும், சேலையின் உடலுக்கு எடுப்பான மாற்று நிறமுமாக இருக்கட்டும். அரைமண்டியின் கோடு தூரத்திலிருந்தும் தெரிவது கரையால்தான். உடல் முழுக்க ஜரிகை ஓடிய சேலை வேண்டாம். வியர்வையில் கறுக்கும், அக்குளையும் தொடையையும் அறுக்கும். உள்துணிக்கு வாங்கும் பருத்தியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தையலுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் வியர்வையிலேயே சுருங்கிப் பட்டை இழுத்துச் சுருக்கம் விழவைக்கும்.

உடையின் உயிர், முன்னால் கால்களுக்கிடையே மடிப்பு மடிப்பாக விரியும் விசிறிதான். முந்தானையில் ஓரங்குல மடிப்புகளாக எடுத்து, மேலே பருத்தித் துணி போட்டு இளஞ்சூட்டில் தேய்த்து, நாடாவால் கட்டி இரவு முழுக்க வைத்தால் மடிப்பு நிற்கும். விசிறியின் அடி விளிம்பு கணுக்காலுக்கு மூன்று அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் முழுமண்டியிலிருந்து எழும்போது காலில் மிதிபடும்.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு நேர்ந்து வேடமிடுவோரின் உடைகளில் கை ஓயாது. அந்தச் சமயத்தில் அவசரமாகத் துணி கொடுக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே தைத்து வாங்கி, அந்த உடையிலேயே, நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணம் முழுவதையும் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் வர்ணத்தைத் தாங்கிய தையல் எதையும் தாங்கும். தினசரிப் பயிற்சிக்குச் சுங்குடி போதும்: வியர்வையை உறிஞ்சும், துவைத்துத் துவைத்துக் கட்டலாம்.

நிகழ்ச்சியன்று கைகால்களுக்கான சிவப்புச் சாயமான செம்பஞ்சுக் குழம்பை முதலில் இடுங்கள். ஈரத்தோடு பட்டில் பட்டால் அந்தக் கறை போகாது. அடுத்து முகப்பூச்சு, பிறகு தலை. நெற்றிச்சுட்டியை வகிட்டில் நேராக வைத்து, கறுப்பு நூலால் பின்னலின் அடியோடு இறுக்கிக் கட்ட வேண்டும். ஊசியை மட்டும் நம்பினால் காலைத் தட்டி ஆடும் தட்டடவு வேகமேறும்போது சரியும். தலை நகைகளில் ஆடுபவரின் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன். இது அடிக்கடி மாறிப்போகிறது, காரணம் எளிது: எதிரே நின்று வைப்பவர் தன் வலது கையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பின்னால் ராக்கொடி, சவுரி சேர்த்த பின்னல், நுனியில் குஞ்சலம். மாலை நிகழ்ச்சிக்கு மல்லிகையைக் காலையில் மொட்டாகவே வாங்குங்கள். மார்கழி, தையில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எகிறும். அப்போது கனகாம்பரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

தலை முடிந்த பிறகே உடை. பைஜாமா, ரவிக்கை, மேலாக்கு, இடுப்புத்துணி என்ற வரிசையில் உடுத்தி, கொக்கியோடு நாடாவும் கட்டுங்கள். மாங்காய் மாலையை இரண்டு இடத்தில் ரவிக்கையோடு நூலால் தைத்துவிட்டால் குதிக்கும்போது முகத்தில் அடிக்காது. ஒட்டியாணம் கடைசியில் வரும், பின்னலையும் அதற்குள் அடக்கிவிட வேண்டும். இறுக்கத்தை அரைமண்டியில் மூச்சிழுத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

சலங்கையை நடராசர் பாதத்தில் வைத்துப் பூசித்து, குரு கையால் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே கட்டுவது மரபு. அதை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் எண்ணம். கணுக்கால் எலும்புக்கு மேலே மெல்லிய துணி சுற்றி அதன்மேல் தோல்பட்டையைக் கட்டினால் தோல் உரியாது.

ஆடி முடித்ததும் உடையைப் பெட்டியில் திணிக்காதீர்கள். உள்புறம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் காற்றாட ஓரிரவு தொங்கவிடுங்கள். ஈரம் முழுக்கப் போகுமுன் தேய்த்தால் வியர்வைக் கறை பட்டில் நிலைத்துவிடும். காய்ந்ததும் விசிறியை மடிப்போடு கட்டி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள்.