சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறதா? முதலில் சீட்டைப் பாருங்கள்

முட்டி வலி என்று சொல்பவர்களின் வண்டியைப் பார்த்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்துதான் இருக்கும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படவேண்டும் என்று இறக்கி வைத்திருப்பார்கள். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் அதற்கு அவசியமே இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி, வழக்கமாகப் போடும் ஷூவோடு, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடியில் வரும்போது, இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீளவேண்டும். அந்த உயரத்தில் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், 25 முதல் 35 டிகிரி வரை இருந்தால் நல்லது. கணக்காகவே வேண்டுமென்றால் வெறுங்காலில் கவட்டிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் சுமார் 70.6 வரும், பெடல் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரைக்குமான தூரம் அது. ஆனால் இது தொடக்கம்தான், கடைசியில் உங்கள் கால் சொல்வதைக் கேளுங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றவே கூடாது, கம்பியும் ஃபிரேமும் உடையலாம்.

அப்புறம் சீட்டின் முன்பின். கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது ஒரு நூலில் நட்டைக் கட்டி, முன்காலின் முட்டிச்சில்லுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பிலிருந்து தொங்கவிடுங்கள், அது பெடல் அச்சுக்கு நேராக விழுந்தால் சரி. சீட்டை நகர்த்தினால் உயரமும் கொஞ்சம் மாறும், மறுபடி பாருங்கள். சீட் மட்டமாக இருக்கட்டும். மூக்கு கீழே சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்கக் கையில் இறங்கி உள்ளங்கை மரத்துப்போகும்.

சீட் சரியான பிறகுதான் ஹேண்டில்பாரைத் தொடவேண்டும். முழங்கை லேசாக மடங்கி, தோள் இறுகாமல் எட்டவேண்டும். எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டான ஸ்டெம்மை நீளம் குறைந்ததாகப் போடுங்கள். போல்ட்டை முறுக்கி முடித்ததும் முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள், நழுவினால் ஓட்டாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுவும் 5 மி.மீ. அளவில். பழைய இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் இன்னும் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் அல்லது இடுப்பு ஆடினால் உயரம் அதிகம்.