டீச்சிங் பிராக்டிஸுக்குப் போகுமுன்: மைதானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே ஒரு பந்தைக் கொடுத்து, "ஒவ்வொருத்தரா வாங்க" என்று விசில் ஊதுவது. கடலூர்ப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு வரும் பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் படிப்பு) மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பந்தை அடித்துவிட்டு நகர 10 விநாடி ஆகும். அவர் முறை மறுபடி வர 500 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்கு மேல். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் கையில் பந்து படுவது மூன்று, நான்கு தடவைதான். மீதி நேரமெல்லாம் நிற்கிற பிள்ளை முன்னால் நிற்பவனைத் தள்ளத்தான் செய்யும். உடனே டிசிப்ளின் இல்லை என்று அதையே திட்டுகிறோம். ஐந்து வரிசை, ஐந்து பந்து என்று பிரித்தால் அதே அரை மணியில் பதினெட்டு முறை கிடைக்கும். பள்ளியில் அத்தனை பந்து இல்லையென்றால் ரப்பர் பந்து போதும். கபடியும் கோ-கோவும் பந்தே கேட்பதில்லை.

திட்டோடு நிற்காமல், "மூணு ரவுண்டு ஓடிட்டு வா" என்று அனுப்புவது அடுத்த தவறு. உடல்ரீதியான தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம். ஓட்டத்தையே தண்டனையாக்கிவிட்டு, நாளைக்கு அதே பிள்ளையை ஆசையோடு ஓட வா என்று எப்படிக் கூப்பிடுவீர்கள்? எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

எங்கே நிற்பது என்பதையும் யோசிப்பதில்லை. வெயில் பிள்ளைகளின் முகத்தில் அடித்தால் நீங்கள் செய்து காட்டுவது அவர்களுக்குத் தெரியாது. காலையில் நீங்கள் மேற்கே நில்லுங்கள். பிற்பகலில் கிழக்கே நின்றால் வெயில் உங்கள் முகத்துக்கு வரும், கடற்காற்று உங்கள் குரலைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் எதிர்க்காற்றில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

நம் ஊர் வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஈரக்காற்றில் அது சீக்கிரம் காயாது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்து வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை இருக்கலாம். "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் ஓடவிடாதீர்கள். வெயிலில் ஓடும் பிள்ளை தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108ஐ அழையுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை, அது எவ்வளவு கெஞ்சினாலும், அன்றைக்கு மறுபடி ஆட்டத்தில் இறக்காதீர்கள்.

ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் காரணம் கேட்கக் கூடாது. ஸ்கோர் எழுதவோ நடுவராக நிற்கவோ அழைத்தால் அவளும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவாள்.

கோச்சிங் என்று வந்தால், நாம் கல்லூரியில் ஆடியதை அப்படியே இறக்கிவைக்கிறோம். ஆண்களுக்கான 7.26 கிலோ குண்டை எட்டாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால் அவனுக்கு எறியும் முறை வராது, தோள்வலிதான் வரும். வாலிபால் நெட்டை 2.43 மீட்டரில் கட்டிவிட்டு ஸ்மாஷ் அடிக்கச் சொல்வதும் அப்படித்தான். நெட்டைத் தாழ்த்திக் கட்டுங்கள். ஓட்டத்துக்கு முன் நீண்ட நேரம் அசையாமல் தசையை இழுத்துப் பிடிக்கவைக்காமல், முழங்கால் தூக்கி நடை, மெல்லோட்டம் என்று அசைந்தே சூடேற்றுங்கள்.

சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி நெருங்கியதும் பன்னிரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்புவதும் நடக்கிறது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பிள்ளைகளுக்கு வாரத்தில் அதற்கு வாய்ப்பே அந்த பி.டி. பீரியட்தான். டீமுக்கான பயிற்சியைப் பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, மழை. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும். அன்றைக்கு லெசன் பிளான் கையில் இல்லாமல் நின்றால் உங்கள் பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். வகுப்பறையிலேயே மணிக்கட்டில் நாடி பிடித்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் குதித்துவிட்டு மறுபடி எண்ணட்டும். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதச் சொல்லி, ஏன் கூடியது என்று அவர்களையே கேளுங்கள்.