மிஷன் ட்ரிப்ல பிள்ளைங்க ஊழியம் செய்யப் போறவங்க கவனிக்க வேண்டியது

சபையிலருந்து கொஞ்ச நாளுக்கு வெளிநாடு போய் ஊழியம் செய்ற மிஷன் ட்ரிப்னா, டீம்ல புதுசா வர்றவங்களத்தான் பிள்ளைங்க ஊழியத்துல போடுவாங்க, பாட்டு, கதை, கிராஃப்ட் அவ்ளோதானேன்னு. எனக்கு இதுல உடன்பாடே இல்ல, இருக்குறதுலயே ரொம்ப ஜாக்கிரதையா செய்ய வேண்டிய வேலை இதுதான். நீங்க கொஞ்ச நாள்ல கிளம்பிடுவீங்க, பிள்ளைங்களும் அவங்க சண்டே ஸ்கூல் டீச்சரும் அங்கயேதான் இருக்கப் போறாங்க. அதனால எதைச் செஞ்சாலும் அந்த டீச்சருக்கு அது உதவுமான்னு பாத்து செய்ங்க.

முதல்ல, எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு கேளுங்க. சபையில நடக்குற விபிஎஸ்ஸா (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), ஸ்கூலா, இல்ல அனாதை இல்லமா? அனாதை இல்லம்னா நல்லா யோசிங்க. அங்க இருக்குற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னு யுனிசெஃப் பல வருஷமா சொல்லிட்டு வருது. வெளிநாட்டுலருந்து ஆளும் பணமும் வருதுன்னே பிள்ளைங்கள வீட்டுலருந்து பிரிச்சு கொண்டு வந்து வைக்கிற இடங்களும் உண்டு, 2019ல ஐ.நா. பொதுச்சபை தீர்மானத்துலயே இதப் பத்தி எச்சரிச்சிருக்காங்க. போதாததுக்கு, வாரா வாரம் புது அக்கா அண்ணன் வந்து பாசம் காட்டிட்டுப் போனா அந்தப் பிள்ளை மனசு என்னாகும்? குடும்பத்தோட இருக்குற பிள்ளைங்களுக்கு ஊழியம் செய்ற இடமா பாருங்க.

அடுத்து பேப்பர் வேலை. டூரிஸ்ட் விசாவுல வாலண்டியர் வேலையோ ஊழியமோ செய்ய நிறைய நாடுகள்ல அனுமதி கிடையாது. நேபாளத்துல மதம் மாத்துனாலோ மாத்த முயற்சி பண்ணாலோ 5 வருஷம் வரைக்கும் ஜெயில், வெளிநாட்டுக்காரங்கன்னா தண்டனை முடிஞ்சதும் நாடு கடத்துவாங்க. நீங்க செய்ற தப்புக்கு லோக்கல் பாஸ்டரும் மாட்டுவார், அதையும் மறக்காதீங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்படுற நாடுன்னா போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அந்த சர்டிஃபிகேட் செல்லும், கடைசி வாரத்துல ஓடாதீங்க. போலீஸ் கிளியரன்ஸ், பிள்ளைங்க பாதுகாப்பு பாலிசி (பிள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு எழுதி வச்ச விதிமுறை) ரெண்டையும் உங்க டீம் கேக்கலன்னா நீங்களே கேளுங்க. நாம எல்லாரும் விசுவாசிங்கதானே எதுக்கு இதெல்லாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, தப்பு பண்ண நினைக்கிறவன் அந்த நம்பிக்கைய வச்சுத்தான் உள்ள வர்றான்.

அங்க போனப்புறம் எந்தப் பிள்ளையோடவும் தனியா ஒரு ரூம்ல இருக்காதீங்க, எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும். பாத்ரூம் கூட்டிட்டுப் போறது லோக்கல் டீச்சர் வேலை. மிட்டாய் குடுக்குறதுக்கு முன்னாடி அலர்ஜி இருக்கான்னு கேளுங்க, குட்டிப் பிள்ளைங்க கிட்ட பலூனே வேண்டாம், வெடிச்ச துண்டு தொண்டையில அடைச்சுக்கும்.

கதை சொல்றதுல எல்லாரும் தடுமாறுறது டிரான்ஸ்லேட்டர் விஷயத்துலதான். 10 நிமிஷக் கதை டிரான்ஸ்லேஷனோட 20 நிமிஷம் ஆகும், பிள்ளைங்க அவ்ளோ நேரம் உக்காராது. அதனால முந்தின நாளே அவரோட உக்காந்து கதைய ஒரு தடவ சொல்லிப் பாருங்க, சின்னச் சின்ன வாக்கியமா வெட்டுங்க, முடிஞ்சா நடிச்சே காட்டுங்க. காணாமப் போன ஆடு கதைன்னா ஒரு பிள்ளைய டீச்சர் பின்னாடி ஒளிய வச்சு மத்த ஆட்டுக்குட்டிங்கள எண்ணச் சொல்லுங்க, ஒண்ணு குறையுதுன்னு அதுங்களே கத்தும், மேய்ப்பன் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வரும்போது யாரும் டிரான்ஸ்லேட்டரத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. கிராஃப்ட் சாமானும் அங்கயே கிடைக்கிறதா எடுத்துக்கோங்க, அப்பதான் அந்த டீச்சர் அடுத்த மாசமும் செய்ய முடியும்.

யாரு இயேசுவ ஏத்துக்கிறீங்கன்னு கேட்டா மொத்தக் கூட்டமும் கை தூக்கும், வந்த விருந்தாளி சந்தோஷப்படணும்னு. அத எண்ணி ரிப்போர்ட்ல போடாதீங்க. அந்த முடிவெல்லாம் வீட்டையும் பிள்ளையையும் தெரிஞ்ச பாஸ்டரும் பெத்தவங்களும் கூட இருந்து நடக்க வேண்டியது.

ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து, வீட்டுல யாரோ அடிக்கிறாங்க, தொடக்கூடாத இடத்துல தொடுறாங்கன்னு சொல்லலாம். பதறாதீங்க, பொறுமையா கேளுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் வாக்கு குடுத்துடாதீங்க, உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்னு சொல்லுங்க. அந்த மாமாவான்னு நீங்களா பேர் எடுத்துக் குடுக்காதீங்க, துருவித் துருவிக் கேக்காதீங்க. நீ சொன்னது நல்லதுப்பா, உன் மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டு, பிள்ளை சொன்ன வார்த்தையிலயே அன்னைக்கே எழுதி பிள்ளைங்க பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கிட்ட மட்டும் குடுங்க. ஜெபக் குழு வாட்ஸ்அப்ல பேர் போட்டு ஜெபிக்கச் சொல்றது பெரிய கொடுமை.

போட்டோவுக்குப் பெத்தவங்க சம்மதம் வேணும், கிழிஞ்ச சட்டை அழுற முகம்லாம் எடுக்காதீங்க, லொகேஷன ஆஃப் பண்ணிடுங்க. கிஃப்ட் எதுவா இருந்தாலும் சபை மூலமா குடுங்க.

என்னைக்குக் கிளம்புவீங்கன்னு, அங்க போய்ச் சேர்ந்த முதல் நாளே பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. அடுத்த வருஷம் வருவேன்னு உறுதியில்லாம சொல்லாதீங்க, அதுங்க நாள் எண்ணும். நம்பர், இன்ஸ்டா ஐடி எதுவும் பிள்ளைங்களுக்குக் குடுக்க வேண்டாம், லெட்டர் போடணும்னா டீச்சர் வழியா போடுங்க. திரும்பி வந்தப்புறம் அந்த டீச்சருக்கு மெசேஜ் பண்ணி எந்தப் பாடம் புரிஞ்சுது, எது புரியலன்னு கேட்டு எழுதி வச்சு அடுத்த டீமுக்குக் குடுங்க.