டிரங்குப் பெட்டியில் கிடந்த மெடல் யாருடையது? விளிம்பில் இருந்து தொடங்குங்கள்

ராணுவ மெடல், பேட்ஜ், சீருடை சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்ததுமே கேட்பது, "இது என்ன விலை போகும்?" என்றுதான். நான் முதலில் சொல்லித் தருவது விளிம்பைப் படிக்க. பிரிட்டிஷ் காலத்து இந்தியச் சிப்பாய்களின் மெடல்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். பல குடும்பங்களில் அந்த மனிதர் போருக்குப் போனதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அதுதான்.

ஆறு வருடங்களுக்கு முன், பழைய வெள்ளி எடுக்கும் ஒரு கடையில் அறுந்த கொலுசுகளோடு ஒரு தட்டில் கிடந்த மெடலை எடைக்கு எடை வாங்கினேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் உருக்கியிருப்பார்கள். அதை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. தேய்க்காதீர்கள்

வெள்ளி கறுத்திருந்தால் விபூதி, பித்தளை என்றால் புளி. நம் வீட்டில் கை தானாகவே அங்கே போகும். மெடலுக்கு இரண்டும் ஆகாது. தேய்க்கத் தேய்க்க ராஜாவின் முகமும் விளிம்பு எழுத்தும் மழுங்கிப் போகும். கறுப்பு அப்படியே இருக்கட்டும். மண் ஒட்டியிருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி விடுங்கள், போதும். பழைய ரிப்பன் கிழிந்திருந்தாலும் கழற்ற வேண்டாம்.

2. நாலு சாமான் வாங்குங்கள்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், வெர்னியர் காலிப்பர், நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு கோடு போட்ட நோட்டு. போட்டோ எடுக்க செல்போன் கேமராவே போதும்.

3. விளிம்பைப் படியுங்கள்

சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பகலில் கண்ணுக்குப் படாத எழுத்து நிழலோடு எழுந்து வரும். மெடலை மெல்ல உருட்டி நாலைந்து படம் எடுத்து, வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியையும் அப்படியே நோட்டில் எழுதுங்கள். தோராயமாக எழுதாதீர்கள். பெயரை அன்றைய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனுசாமி மூன்று விதமாக வரலாம். எண்தான் நம்பகமானது.

என் மெடலில் எண், அப்புறம் "எஸ்.பி.ஆர்.", ஒரு பெயர், கடைசியில் "2 கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்" என்று இருந்தது. எஸ்.பி.ஆர். என்றால் சேப்பர், அதாவது பாலம் கட்டி, பதுங்குகுழி வெட்டி, பாதை போடும் பொறியியல் படையின் சிப்பாய். மற்றதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. முதல் உலகப்போர்க் காலத்தில் மதராஸ் சேப்பர்ஸின் அதிகாரப்பூர்வப் பெயர் "இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்". மதராஸ் என்ற சொல் விளிம்பில் எங்கேயும் இல்லை! 1923இல்தான் அந்தச் சொல் பெயருக்குள் மறுபடி வந்தது. புதிதாகச் சேர்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஊர்ப் பெயர் இல்லையென்றால் நம்மவர் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். 73, 75, 80, 86, 88 என்ற எண்களோடு "கர்னாடிக் இன்ஃபன்ட்ரி" (இன்ஃபன்ட்ரி என்றால் காலாட்படை) என்று வந்தால் அவையும் சென்னை மாகாணப் படைகள்தான். "63 பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி" 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படை. "83 வாலாஜாபாத்" இன்னொன்று.

4. மெடலின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

முதல் உலகப்போரில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

பிரிட்டிஷ் வார் மெடல்: வெள்ளி, 36 மி.மீ. விட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத ஒரு வீரன், குதிரைக் காலடியில் கழுகு பொறித்த கேடயம், 1914, 1918. ரிப்பன் நடுவில் ஆரஞ்சு, பிறகு வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். சுமை தூக்கும், பாதை போடும் தொழிலாளர் படைப்பிரிவினர் சிலருக்கு இதையே வெண்கலத்தில் தந்தார்கள். வெண்கலமாக இருக்கிறதே, போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

விக்டரி மெடல்: வெண்கலம், இறக்கை விரித்த பெண் உருவம், வானவில் ரிப்பன். 1914-15 ஸ்டார்: வெண்கல நட்சத்திரம், இதில் பெயர் விளிம்பில் இல்லை, பின்பக்கத்தில் இருக்கும்.

இரண்டாம் உலகப்போரின் நட்சத்திர மெடல்களின் நடுவே கிரீடமும், ராஜா ஜார்ஜின் முத்திரை எழுத்தான ஜி.ஆர்.ஐ.யும் இருக்கும், வளையத்தில் 1939-1945, பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று பெயர் இருக்கும். இந்தியா சர்வீஸ் மெடலின் பின்பக்கம் இந்தியாவின் வரைபடம். வார் மெடலில் சிங்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும். பிரிட்டிஷ் ஆட்களுக்கு இவற்றைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தவை உண்டு. பெயர் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

5. அசலா என்று பாருங்கள்

முதல் உலகப்போர் மெடலில் எழுத்துகள் அச்சால் அழுத்தியவை, ஒரே ஆழம், ஒரே உயரம். லென்ஸில் ஊசியால் கீறியது போல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். (19ஆம் நூற்றாண்டு இந்திய மெடல்களில் கையால் சாய்வெழுத்தில் செதுக்கியதும் உண்டு, அது சரிதான்.) பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் போடுவார்கள். அப்போது விட்டம் குறையும். காலிப்பரால் மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும் அளந்து ஒப்பிடுங்கள். வார்ப்பில் எடுத்த நகல் என்றால் ராஜாவின் தாடி மயிர் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைத் துளைகள் தெரியும்.

6. பேட்ஜும் சீருடையும்

பேட்ஜில் கிரீடத்தைப் பாருங்கள். 26 ஜனவரி 1950க்குப் பிறகு இந்தியப் படைகளில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகரின் சிங்கங்கள் வந்துவிட்டன. அதிகாரியின் தோளில் கிரீடமா சிங்கமா என்று பார்த்தாலே காலம் பாதி தெரிந்துவிடும். சட்டைக் கையில் உள்ள பட்டை பதவியைச் சொல்லும்: ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். யானை உள்ள பேட்ஜ் மதராஸ் ரெஜிமென்ட்டாக இருக்க வாய்ப்பு உண்டு.

சீருடையில் பொத்தான், தையல் நூல், உள்பக்க முத்திரை மூன்றையும் பாருங்கள். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் அடித்தால் பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். ஆனால் பழைய துணியை இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு சீருடையோ சின்னமோ அணிவது சட்டப்படி குற்றம். நூறு வருடம் தாண்டிய பொருள்களுக்கு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. முதல் உலகப்போர் மெடல்கள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. வெளிநாட்டுக்காரர் கேட்டார் என்று பார்சல் போட்டுவிடாதீர்கள்.

7. பத்திரப்படுத்துங்கள்

கடற்கரை ஊர்க் காற்று மெடலுக்குப் பகை. மெத்தென்ற பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்டு இரண்டும் வேண்டாம். துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சீருடையைக் கம்பி ஹேங்கரில் தொங்கவிடாமல், மடிப்புக்குள் துணி சுருட்டி வைத்துப் படுக்கப் போடுங்கள். அந்துப்பூச்சிக்கு மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரே ஆளின் மெடல்கள் சேர்ந்து கிடைத்தால் எக்காரணம் கொண்டும் பிரித்து விற்காதீர்கள், மாற்றிக்கொள்ளாதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

8. ஆளைத் தேடுங்கள்

சென்னையில் இருந்தால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய், சீருடைகளையும் மெடல்களையும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், கண் பழகும். பிறகு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணையும் படைப்பிரிவையும் போட்டுத் தேடுங்கள். போரில் இறந்தவர் என்றால் பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் கூட இருக்கும்.

என் சேப்பரின் எண்ணைப் போட்டேன். இல்லை. பெயரை நாலு விதமாக மாற்றிப் போட்டேன். இல்லை. அன்று ராத்திரி எனக்கு அவ்வளவு நிம்மதி. அந்தப் பட்டியலில் இல்லாததால், அவர் ஊர் திரும்பியிருக்கலாம். நோட்டில் அவர் எண்ணுக்கு எதிரே பென்சிலால் "வீடு வந்தார்?" என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கடை இருந்த வட்டத்தில் ஒவ்வொரு ஊராக இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.