போர், நீதி, சூழல்: ஆவணப்படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நல்ல ஆவணப்படம் ஒன்றரை மணி நேரத்தில் நம்மைப் புரட்டிப் போட்டுவிடும். அதில் தப்பே இல்லை, அதற்காகத்தானே எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சூடு ஆறுவதற்குள் நாம் அவசரப்பட்டுச் செய்கிற சில காரியங்கள், படத்தில் வருகிற மக்களுக்கே எதிராகப் போய்விடுகின்றன. அப்படி அடிக்கடி கண்ணில் படுகிறவற்றை இங்கே சொல்கிறேன்.

படம் வெளியான ஆண்டையும் காட்சியை எடுத்த ஆண்டையும் ஒன்றென்று நினைப்பது பெரிய தவறு. 2020 ஏப்ரலில், பசுமை மின்சாரத்தை விமர்சிக்கிற 'பிளானட் ஆஃப் தி ஹியூமன்ஸ்' படம் யூடியூபில் இலவசமாக வந்தபோது, சூரிய மின்சாரமே ஏமாற்று வேலை என்று ஏகப்பட்ட பேர் முடிவுகட்டிவிட்டார்கள். அதில் காட்டப்படுகிற சோலார் பேனலின் திறன் 8 சதவீதம்தான் என்று ஒருவர் சொல்வார். சொன்னது பொய் இல்லை, ஆனால் அந்தக் காட்சி பத்தாண்டுக்கும் மேல் பழையது. படம் வெளிவந்த நேரத்தில் கடையில் சாதாரணமாகக் கிடைத்த பேனலே அதைப்போல இரண்டு மடங்கு திறனோடு இருந்தது. படத்தில் ஓர் எண் வந்தால், அது எந்த வருடத்து எண் என்று முதலில் கேளுங்கள்.

இதே தவறு போர்ப் படங்களில் நடந்தால் விளைவு இன்னும் மோசம். 2012 மார்ச்சில் வந்த 'கோனி 2012' அரை மணி நேரப் படம்தான், ஆறே நாளில் 10 கோடி பார்வையைத் தொட்டது. குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த உகாண்டா கிளர்ச்சிப் படைத் தலைவன் ஜோசப் கோனியைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை; அந்த ஆள் மேல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2005லேயே பிடியாணை போட்டிருந்தது, ஆகவே கோரிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பார்த்தவர்களில் பலர் உகாண்டாவில் அப்போதும் அந்தக் கொடுமை நடந்துகொண்டிருப்பதாகவே நம்பினார்கள். கோனியின் படை அதற்குப் பல வருடம் முன்பே வடக்கு உகாண்டாவை விட்டு காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுப் பக்கம் போய்விட்டது. உகாண்டா மக்களுக்கு அப்போது தேவைப்பட்டது மறுவாழ்வு: திரும்பி வந்த பிள்ளைகளுக்குப் படிப்பு, சிகிச்சை, விவசாயம் செய்ய நிலம்.

அந்தப் படத்தை வடக்கு உகாண்டாவின் லிரா நகரத்தில் ஒரு மைதானத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். தங்கள் கதையைப் பார்க்கலாம் என்று வந்தவர்களுக்குத் திரையில் தெரிந்தது, ஓர் அமெரிக்க இயக்குநரும் அவருடைய சின்னப் பையனும். தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவனின் பெயரைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளச் சொல்வதைப் பார்த்ததும் கூட்டம் கொதித்துவிட்டது, கல் கூட வீசினார்கள். யாருடைய துயரமோ அவர்களுக்கு அந்தப் படம் எப்படிப் பட்டது என்று தேடிப் பார்க்காமல் ஒரு படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

எண்களைப் பற்றி இன்னொன்று. மீன்பிடித் தொழில் கடலை அழிப்பதைப் பற்றிய 'சீஸ்பைரசி' படத்தைப் பார்த்துவிட்டு, கடலில் இருக்கிற பிளாஸ்டிக்கில் 46 சதவீதம் மீன்வலைதான் என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த 46 சதவீதம், ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவில் சுழன்றுகொண்டிருக்கிற ஒரேயொரு குப்பைத் திட்டைப் பற்றிய கணக்கு, அதுவும் எடைக் கணக்கு. உலகக் கடல் முழுவதற்கும் அது பொருந்தாது. 2048க்குள் கடலில் மீனே இருக்காது என்று அந்தப் படத்தில் வருவதும் 2006இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதை எழுதிய விஞ்ஞானியே 2009இல் மற்றவர்களோடு சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில், மீன்பிடிப்பை ஒழுங்காகக் கட்டுப்படுத்துகிற இடங்களில் மீன்வளம் திரும்புகிறது என்று எழுதினார்.

அதற்காக, ஒரு தப்பு கிடைத்தவுடன் மொத்தப் படத்தையும் குப்பையில் போடுவதும் அதே அளவு தவறு. பருவநிலை மாற்றத்தைப் பற்றி அமெரிக்க முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோர் பேசுகிற 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' படத்தைப் பள்ளிகளில் காட்டுவது பற்றி 2007இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஒன்பது இடங்களில் அறிவியலோடு ஒத்துப்போகவில்லை என்றார் நீதிபதி. பருவநிலை மாற்றத்தை மறுக்கிறவர்கள் இன்றுவரை அந்த ஒன்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படத்தின் அடிப்படை வாதம் பொதுவாகச் சரியானது, ஆசிரியர்களுக்கான குறிப்போடு வகுப்பில் காட்டலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது, அதை யாரும் பகிர்வதில்லை.

இனி சொல்வது தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2009 ஆகஸ்டில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியான சேனல் 4, இலங்கைப் போரின்போது எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு செல்போன் வீடியோவை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்ட, உடைகள் உருவப்பட்ட ஆண்களைச் சீருடைக்காரர்கள் சுடுகிற காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதை மூன்று துறை நிபுணர்களிடம் கொடுத்தார்: தடயவியல் மருத்துவம், வீடியோ ஆய்வு, துப்பாக்கி. வீடியோவில் வெட்டி ஒட்டியதற்கான அடையாளம் உண்டா, துப்பாக்கியின் உதைப்பு நிஜத் தோட்டாவுக்கு உரியதா, குண்டு பட்ட உடல்கள் சரிகிற விதம் இயல்பானதா என்றெல்லாம் பார்த்தார்கள். 2010 ஜனவரியில் அவர் சொன்ன முடிவு, இது உண்மையான வீடியோ என்றே தெரிகிறது என்பது. கூடவே, கோப்பில் பதிவாகியிருந்த தேதி 2009 ஜூலை 17 என்று இருந்ததற்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். போரோ அதற்கு முன்பே, மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. விளங்காத விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னதால்தான் அந்த முடிவுக்கு இவ்வளவு கனம். 2011 ஜூனில் வந்த 'ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்' இப்படிச் சோதித்த ஆதாரங்களின் மேல்தான் நிற்கிறது.

நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்தப் படத்திலிருந்து இருபது வினாடியை வெட்டி, சோக இசை சேர்த்து, மேலே சிவப்பில் ஏதோ எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தது என்கிற தகவல் எல்லாம் அங்கேயே போய்விடுகிறது. அப்புறம் போலி என்று சொல்ல எதிராளிக்கு நாமே வாய்ப்பு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. காணாமல் போன மகனின் முகத்தை இப்படியொரு கிளிப்பில் ஒரு தாய் பார்க்க நேர்ந்தால் என்ன ஆகும் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். பகிர்வதானால் முழுப் படத்தின் இணைப்பைக் கொடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரியுங்கள்.

திரையில் இல்லாததைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. நாஜி முகாம்களைப் பற்றி அலன் ரெனே 1955இல் எடுத்த 'நைட் அண்ட் ஃபாக்' 32 நிமிடப் படம். அதில் பிரான்ஸிலேயே இருந்த பித்திவியே முகாமைக் காவல் காக்கிற ஒருவரின் புகைப்படம் வரும். தலையில் இருந்த தொப்பி அவர் பிரெஞ்சுப் போலீஸ்காரர் என்பதைக் காட்டிக்கொடுத்ததால், அதை மறைத்தால்தான் அனுமதி என்று பிரான்ஸின் தணிக்கை அடம்பிடித்தது. ஜெர்மானியர் குற்றத்தைக் காட்டலாம், பிரான்ஸின் பங்கைக் காட்டக் கூடாது. எந்த நாட்டுப் படமானாலும், அந்த நாட்டு அரசு அதில் எங்கே வருகிறது, எங்கே காணோம் என்று பாருங்கள்.

கடைசியாக, எழுத்து ஓடத் தொடங்கியதும் படத்தை நிறுத்திவிடாதீர்கள். இந்தோனேசியாவில் 1965-66இல் நடந்த படுகொலைகளைப் பற்றிய 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' முடிவில், உள்ளூர்க் குழுவினரின் பெயர் வர வேண்டிய இடங்களில் 'பெயர் வெளியிடப்படவில்லை' என்றே திரும்பத் திரும்ப வரும், இணை இயக்குநர் ஒருவர் உட்பட. கொன்றவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் அங்கே இன்னும் செல்வாக்கோடு இருந்ததுதான் காரணம். அதன் தொடர்ச்சியாக 2014இல் வந்த 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' படத்தில், கொல்லப்பட்ட ஒருவரின் தம்பி, கண்ணாடிக்காகக் கொலையாளிகளின் கண்ணைச் சோதித்துக்கொண்டே அவர்களிடம் கேள்வி கேட்பார். படம் வெளிவருவதற்குள் அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுத் தூரமாகக் குடிபெயர வேண்டியிருந்தது. இப்படிப் பெயரை மறைத்துக்கொண்டவர்களை இணையத்தில் துழாவிக் கண்டுபிடித்து, இவர்தான் அந்த ஆள், இந்த ஊரில் இருக்கிறார் என்று பெருமையாகப் பதிவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.