பழைய ஃபோட்டோ சட்டத்தில் கடற்கரைப் பெட்டி: சிப்பி பொடியாமல், சாவி துருப்பிடிக்காமல் செய்யும் முறை

சிப்பி, சங்கு, அலை தேய்த்த கண்ணாடித் துண்டு, பழைய சாவி, பித்தளைப் பொத்தான் ஆகியவற்றை ஒரு பழைய சட்டத்துக்குள் அடுக்கி முடிப்பது ஒரு மாலை வேலைதான். அதற்கு முந்தைய சுத்தமும் காயவைப்பும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். அதில் அவசரப்பட்டால் சில மாதங்களில் துணியில் ஈரத் திட்டும், சாவியில் துருவும், சிப்பி மேல் வெள்ளைப் பொடியும் தெரியத் தொடங்கும். பலரும் பசையைக் குறை சொல்வார்கள். உண்மையில் காரணம் உள்ளே தங்கிய உப்பும், பழைய மரமும் அட்டையும் கசியவிடும் அமில ஆவியும்தான்.

எடுக்கும்போதே

சங்குக்குள் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். துறவி நண்டு உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருந்தால் கால் நீட்டும். உயிருள்ள கூம்புச் சங்குகள் விஷ ஊசியால் கொட்டும், சில வகைகள் ஆளையே கொல்லும். நாட்டிலஸ், ராட்சத மட்டி, கல்பவளம் போன்றவை, அருகிவரும் உயிரினங்களின் நாடுகளிடை வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. நாட்டு எல்லை தாண்டி எடுத்துப்போக அனுமதிச் சீட்டு தேவைப்படும். பல கடற்கரைகளில் எதையுமே எடுக்கக் கூடாது என்பதால் உள்ளூர் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்பு நீக்கம்

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் நீரை இழுத்துத் தானே கரையும். மூடிய பெட்டிக்குள் அந்த ஈரம் உலோகத்தைத்தான் முதலில் தின்னும். அதனால் பொறுக்கியது எல்லாமே நல்ல தண்ணீரில் ஊற வேண்டும். சிப்பிக்கும் கண்ணாடிக்கும் மூன்று நாள், கரை ஒதுங்கிய, மணிக்கட்டு கனமுள்ள மரக்கட்டைக்கு ஒரு வாரம், தினமும் தண்ணீர் மாற்றி.

உப்பு போய்விட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கறுப்புத் தட்டில் ஊறவைத்த தண்ணீர் ஒரு சொட்டு, பக்கத்தில் வெறும் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். இரண்டும் ஒரே அளவு தடம் விட்டால் போதும். முதல் சொட்டின் வெள்ளைத் தடம் தடிமனாக இருந்தால் இன்னும் ஊற வேண்டும்.

நாற்றமோ பாசியோ ஒட்டியிருக்கும் சிப்பியை ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். போகவில்லையென்றால் மறுபடி அரை மணி. இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், நிறம் வெளுக்கும். வினிகர் பக்கமே போக வேண்டாம்: சிப்பி கால்சியம் கார்பனேட், வினிகரில் அது கரையும், பளபளப்பு போய் சுண்ணாம்பு போலாகிவிடும். பிளீச்சும் வினிகரும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைச் சுடும்.

கட்டையை நிழலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். நேர் வெயிலில் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கி வெடிக்கும். நகம் உள்ளே இறங்கும் அளவுக்கு மெத்தென்று இருந்தால் அது உளுத்த கட்டை, தூக்கிப் போடுங்கள். துளைகள் இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். பூச்சி அரித்த பழைய துணிக்கும் இதே வைத்தியம்தான்.

பழைய பொருட்கள்

துருப்பிடித்த சாவிக்கு மட்டும் வினிகர் சரி. இரவு ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் அலசுங்கள். அந்த அலசலை விட்டால் சாவியில் தங்கிய அமிலம் பக்கத்துச் சிப்பியைத் தாக்கும். உடனே ஹேர் டிரையரால் உலர்த்தி, மெல்ல மெழுகு பூசுங்கள்.

பெயின்ட் அடித்த பழைய சட்டத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி மூச்சில் போனால் ஆபத்து. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அந்த வயதான தோற்றத்தை அப்படியே விடுங்கள், அதற்காகத்தானே வாங்கினீர்கள். பழைய புத்தகத் தாளும் வரைபடமும் பின்னணிக்கு அழகுதான், ஆனால் மரக்கூழ்த் தாள் அமிலம் நிறைந்தது. அமிலமில்லாத தாளில் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள்.

பெட்டி கட்டுதல்

சாதாரண ஃபோட்டோ சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பின்பள்ளம் பெரும்பாலும் 1 சென்டிமீட்டர்தான் இருக்கும். சங்குக்கு அது போதாது. 25 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மரச் சட்டங்கள் நான்கை அறுத்து, செவ்வகமாக இணைத்து, சட்டத்தின் பின்னால் பொருத்துங்கள். செவ்வகத்தின் உள்விளிம்பு கண்ணாடியின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் ஏறி உட்கார வேண்டும், அப்போதுதான் கண்ணாடி நகராது. பள்ளம் கண்ணாடியைவிட ஆழமாக இருந்தால் இடைவெளிக்கு அமிலமில்லாத அட்டைக் கீற்று வையுங்கள். பசை போட்டு ஒட்டாமல் பித்தளை ஸ்குரூ போட்டால் பின்னால் கழற்றித் திறக்கலாம்.

அறுத்த மரத்தை அப்படியே விடக் கூடாது. ஓக், எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) இரண்டும் குறிப்பாக மோசம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைன் (Byne) என்ற சிப்பி ஆர்வலர், மர அலமாரியில் வைத்த சிப்பிகள் வெள்ளைப் பொடி பூப்பதைக் கவனித்து, பாக்டீரியாவின் வேலை என்று கருதினார். மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் ஈரமும்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் பைன் நோய் என்றே நிலைத்துவிட்டது. ஆகவே மரத்தின் உள்பக்கம் முழுக்க, மூலைகளிலும் விடாமல், அலுமினிய டேப் ஒட்டுங்கள். கட்டையும் மரம்தான் என்பதால் அதைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டத்தின் வெளிக் கீழ்விளிம்பில் கட்டிவிடுவது நல்லது, பார்வைக்கும் அதுதான் எடுப்பு. ஈயப் பொம்மை, ஈயக் குண்டு எதையும் உள்ளே வைக்காதீர்கள், அமில ஆவியில் ஈயமும் அரிக்கும்.

பின்பலகைக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு. கஞ்சி போகத் துவைத்த பழைய பருத்தித் துணியை, நாலு பக்கமும் 3 சென்டிமீட்டர் மடிப்பு விட்டு, பின்னால் குறுக்கும் நெடுக்கும் நூலால் இழுத்துத் தையுங்கள். பசை போட்டு ஒட்டினால் ஈரம் சுருக்கம் விடும்.

அடுக்குதல், ஒட்டுதல்

முதலில் எதையும் ஒட்டாமல் அடுக்கிப் பார்த்து, ஃபோனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். சட்டத்தின் நிழல் அங்கே விழும். பெரும்பாலானவர்கள் நிரப்பித் தள்ளுகிறார்கள், பாதிப் பொருளை எடுத்துவிட்டால்தான் மீதி கண்ணில் படும்.

ஹாட் க்ளூ வேண்டாம். வழவழப்பான கண்ணாடியிலிருந்து உரிந்து வரும், வெப்பத்தில் தளரும். இரண்டு குழாய் எபாக்ஸியே சரியானது. சம அளவு எடுத்து ஒரு நிமிடம் முழுக்கக் கலக்குங்கள், ஒரு தடவைக்கு 2 மில்லிக்கு மேல் வேண்டாம், ஒட்டி முடிப்பதற்குள் இறுகிவிடும். ஐந்து நிமிடத்தில் பிடித்தாலும் முழு வலு வர 24 மணி நேரம் ஆகும். அதுவரை பலகையை நிமிர்த்தாதீர்கள்.

குழிந்த சிப்பியின் விளிம்பு மட்டுமே பலகையைத் தொடுவதால் அங்கே எவ்வளவு பசை வைத்தாலும் ஒருநாள் கழன்று விழும். குழிக்குள் எபாக்ஸியில் நனைத்த பஞ்சை அடைத்து, விளிம்பை விட்டுச் சற்று மேலே நிற்கும்படி வையுங்கள். துணி மேல் ஒட்டினால் துணிதான் பிய்ந்து வரும்; சிப்பி மறைக்கும் இடத்தில் 1 சென்டிமீட்டர் கீறல் போட்டு, பசை நேரே அக்ரிலிக்கைத் தொடச் செய்யுங்கள். இயற்கையாகவே துளை உள்ளதைப் பசையின்றி நூலால் கட்டலாம்.

துளை போட வேண்டுமா? 1.5 மில்லிமீட்டர் வைர முனை, பேட்டரியில் ஓடும் டிரில், மெதுவான வேகம், சிப்பி தண்ணீரில் லேசாக மூழ்கியபடி. தூசி பறக்காது, முனை சூடாகாது. பிளக்கில் செருகும் டிரில்லைத் தண்ணீர் அருகே எடுக்கவே கூடாது.

கண்ணாடித் துண்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிறகு விரல் படாமல் எடுத்து ஒட்டுங்கள். பசை பட்ட இடத்தில் பனி போன்ற மங்கல் மறைந்து கருந்திட்டாகத் தெரியும் என்பதால் நடுவில் ஒரே பொட்டு. சூப்பர் க்ளூ பயன்படுத்தியிருந்தால் ஒரு நாள் திறந்தே வையுங்கள். மூடிவிட்டால் அதன் ஆவி முன்கண்ணாடியில் வெண்படலமாகப் படியும்.

மங்கிய சிப்பிக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவினால் நிறம் எழும். ஒட்டிய பிறகே தடவுங்கள், எண்ணெய் மேல் பசை பிடிக்காது. சமையல் எண்ணெய் சில வாரங்களில் சிக்கடிக்கும்.

மாட்டிய பின்

குளியலறைச் சுவரும் நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். சிப்பியில் புளிப்பு வாடையுடன் வெள்ளைப் பொடி இருந்தால் உடனே அதைப் பிரித்தெடுத்து, வடிகட்டிய நீரில் பொடி போகக் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். பிறகு டேப் எங்கே பெயர்ந்திருக்கிறது என்று தேடிச் சரிசெய்த பின்பே திரும்ப ஒட்டுங்கள்.