பரீட்சைப் பயத்தில் தவிக்கும் பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி: மூணாறு, பீர்மேடு பகுதிப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்

ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி திங்கட்கிழமை கணக்குப் பரீட்சைக்கு மட்டும் வந்தால் நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயம் வந்ததும் உடம்பில் அட்ரீனலின் சுரக்கும். வயிறு பிசையும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். வலி உண்மைதான். ஒருமுறை டாக்டரிடம் காட்டி, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு லீவு போட விடாதீர்கள்.

"இன்னைக்கு ஒரு நாள் வீட்ல இரும்மா" என்று பாசத்தில் சொல்வதுதான் அதிகம் கெடுக்கிறது. வீட்டில் இருந்த உடனே பயம் இறங்கிவிடும். போகாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று மனசு பழகிக்கொள்ளும். அடுத்த முறை பயம் முந்தைய நாள் ராத்திரியே ஆரம்பிக்கும். அதற்காக அடித்து இழுத்துக்கொண்டு போனாலும் நடக்காது. படிப்படியாகத்தான் போக வேண்டும்.

பல நாள் பள்ளிக்கூடமே போகாத பிள்ளை என்றால், முதலில் யூனிஃபார்ம் போட்டு கேட் வரை. அடுத்து, பிடித்த டீச்சரின் ஒரே பீரியட். பிறகு மத்தியானம் வரை, அப்புறம் முழு நாள். ஒவ்வொரு படியிலும் "பயம் பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 8 என்றால் அதே படியில் நில்லுங்கள். 4-க்கு வந்தபின் மேலே ஏறலாம். பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்தான்: பயம் உச்சத்தில் இருக்கும்போதே வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்துவிடுகிறார்கள். திடீர்ப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானே இறங்கும். அது இறங்கும்வரை கேட் பக்கத்திலேயே கூட நில்லுங்கள். "ஏன் இத்தனை நாள் வரலை?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று கிளாஸ் டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூச்சுப் பயிற்சியைப் பலர் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேகமாகப் பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும் வரை விட வேண்டும். பயமில்லாத நேரத்தில் தினமும் ஐந்து நிமிடம் பழகினால்தான் ஹாலில் கைகொடுக்கும்.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ பரீட்சையில் எழுதத் தொடங்கும் முன் கேள்வித்தாளைப் படிக்க 15 நிமிடம் 'கூல் ஆஃப் டைம்' தருகிறார்கள். அப்போது விடை எழுதக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் இந்த மூச்சு. பிறகு கேள்வித்தாளை முழுக்கப் படித்து, நன்றாகத் தெரிந்த மூன்று கேள்விகளைத் தேர்ந்துகொள்ளட்டும். மணி அடித்ததும் அதிலிருந்து எழுதினால் கை நடுக்கம் அடங்கும். பழைய கேள்வித்தாளை வைத்து வீட்டில் இதே மாதிரி ஒத்திகை பார்க்கலாம்.

பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னில் ஆங்கிலத்தில் பாடம், சுற்றிலும் மலையாளம் என்று மாறும்போது மார்க் குறையும். குறைவது மொழியால், மூளையால் அல்ல. இதைப் பிள்ளையிடம் வாய்விட்டே சொல்லுங்கள். ஏப்ரல், மே விடுமுறையில் தினம் பத்து பாடச் சொற்களைத் தமிழும் ஆங்கிலமுமாக நோட்டில் எழுதி வந்தால் ஜூனில் பாதி பாரம் குறைந்திருக்கும்.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் படிக்கத் தனி அறை கிடைக்காது. இடத்துக்குப் பதிலாக நேரத்தை ஒதுக்குங்கள்: ராத்திரி 7 முதல் 9 வரை டி.வி. ஆஃப். இந்த வயதுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் குடிக்கும் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) தூக்கத்தையும் கெடுக்கும், படபடப்பையும் கூட்டும்; சாயங்காலம் 4 மணியோடு டீயை நிறுத்திவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோறு இறங்காமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, "நான் இல்லாம இருந்தா நல்லது" என்று சொன்னாலோ இது பரீட்சைப் பயத்தோடு நிற்கவில்லை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் அம்மாவோ அப்பாவோ டீச்சரோ கூப்பிட்டு, அடுத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.